மூன்று கட்டும் ஒரு கட்டியும்

உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? காலையில் ஒரு பிரசவ வீடு, மாலையில் ஒரு முதுகுவலி வீடு என்று ஓடுகிற பிள்ளைகள், நடுவில் கிடைத்த அரை மணி நேரத்தில் படுத்துத் தூங்கக் கூடாதா? என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, "பாட்டி, நீங்க மூணு வழியையும் ஒண்ணா கலந்து சொல்லிக்குடுப்பீங்களாமே, எதுல எவ்வளவு?" என்கிறீர்கள். ஒருத்தி நோட்டுப் புத்தகம் வேறு கொண்டுவந்திருக்கிறாள். எதை எழுதப்போகிறாய்? மல்லி ஒரு படி, மிளகாய் அரைப்படி என்று சொல்ல இது என்ன மசாலாப் பொடியா?

என் பெயரை எழுதி முடிக்கவே எனக்கு ஒரு பகல் வேண்டும். அப்படிப்பட்ட நான் சொல்வதை ஒருத்தி எழுதிக்கொள்கிறாள் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்காதே. உண்மையாகவே பயம்தான். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லப்போக, ஒருத்தி அதை அப்படியே செய்துவிட்டாள். கேட்டே தீருவேன் என்றால் அதைக் கேள். புத்தகத்தை மூடி வை.

அப்போது எனக்கு இருபத்தாறோ இருபத்தேழோ. முதல் பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஜெராமுக்கும் கோலா சிலாங்கூருக்கும் நடுவில் கடலோர ரப்பர் தோட்டம். காற்று ஒரு பக்கம் அடித்தால் சுங்கை செம்பிலாங்கிலிருந்து கருவாட்டு வாடை வரும். அடிக்காவிட்டால் கொசு வரும். காலையில் பெரட்டில், அதுதான் ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், நின்று பேர் கொடுத்து, மரம் வெட்டி, வடிந்த பாலை ஊற்றிவிட்டு வந்தால் மிச்சப் பகல் எனக்குச் சொந்தம். அந்தப் பகலில்தான் நம் தொழில். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் போட்டு உருவுவது, சுளுக்கு எடுப்பது, வயிறு கட்டுவது.

வயிறு கட்டுவது என் மாமியார் கற்றுக்கொடுத்தது. பழைய வேட்டியை நாலாக மடித்து, அடிவயிற்றிலிருந்து விலா வரைக்கும் இறுக்கிச் சுற்றுவாள். அது துணிக்கட்டு.

இரண்டாவது கட்டு ஒரு பண்டாரத்திடமிருந்து வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிக்கொண்டு கிடந்தவர். முதல் நாள் என்னைப் பார்த்து, "வாசி தெரியுமா?" என்றார்.

"எழுத்துக்கூட்டவே வராது சாமி. நான் எங்க வாசிக்கிறது?"

அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பூவெல்லாம் கொட்டிவிட்டது. வாசி என்றால் மூச்சாம். இழு, கட்டு, விடு. இவ்வளவுதான். இழுத்த மூச்சை உள்ளே கட்டி வைத்து எண்ண வேண்டும். அது மூச்சுக்கட்டு.

மூன்றாவது, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் வீட்டு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அச்சடித்த புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு ஆசனம் செய்வார். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது நான் உருவப் போயிருந்தேன். அந்த அம்மா படுத்தபடியே ஜன்னலைக் காட்டினார். "இஞ்ச பார் பிள்ளை, எங்கட மனுசன் மயிலாய் நிக்கிறார். விழுந்தால் நான் தூக்கமாட்டன். தோகையோட அப்பிடியே கிடக்கட்டும்." அந்த அம்மாவுக்கு அவர் சுலபமான ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முஷ்டியாக்கி வயிற்றில் பதித்து, நெற்றி தரையைத் தொடும்படி குனிய வேண்டும். அவர் அதற்கு வடமொழியில் ஒரு பேர் சொன்னார். என் வாயில் அது நுழையவில்லை. கைக்கட்டு என்று வைத்துக்கொண்டேன்.

மலாய்க்காரர்கள் காயையும் பழத்தையும் வெட்டிப்போட்டுக் கலக்கி ரோஜாக் விற்பார்களே, அதுபோல நான் மூன்றையும் கலந்தேன். வயிற்றில் துணியை இறுக்கு. துணிமேல் முஷ்டியை வை. குனிந்தபடியே மூச்சைக் கட்டிப் பத்து எண்ணு. அவரவர் வீட்டிலேயே, வேலை முடிந்து வந்து, சோற்றுக்கு முன்னால். மூன்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூவருக்கும் இடுப்புவலி போயிற்று. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த வீடுகளில், லயத்துக்கு லயம் என் பேர் பறந்தது.

பண்டாரம் காதுக்கும் எட்டியது. "ஒவ்வொண்ணும் ஒரு பூட்டு. மூணு பூட்டையும் ஒரே கதவுல போட்டா, உள்ள தீப்பிடிக்கிறப்போ என்னடி பண்ணுவ?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல பூட்டி வைக்க என்ன சாமி இருக்கு?" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்தது என்று நினைக்கிற வயது.

நாலாவதாக வந்தவள் செல்லாயி. என் பக்கத்து வீட்டுக்காரி, இருபது வயது இருக்கும். ஒரு வருஷமாகக் கொசுக்காய்ச்சல் அவளை விட்டபாடில்லை. வயிற்றிலிருந்த பிள்ளையும் குறைமாசத்தில் போய்விட்டது. பெரட்டில் நிற்கும்போது கால் நடுங்கும். ஒருநாள் விழுந்தே விட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் பேரை வெட்டிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சொல்லிவிட்டார். அவளைப் பெற்றவர்கள் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் கிடக்கிறார்கள். திரும்பிப் போனால் இறங்கி நிற்க ஊரில் ஒரு வாசல்கூட அவளுக்குக் கிடையாது.

"அக்கா, எனக்கும் அந்த மூணு கட்டச் சொல்லிக்குடுங்க. அடுத்த வாரம் டாக்டர் தொரை ஆளுங்களப் பாக்க வர்றாராம். அன்னைக்கு மட்டும் நான் நேரா நின்னுட்டாப் போதும்."

அவள் வயிற்றில், இடது விலாவுக்குக் கீழே, கட்டி இருந்தது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. விடாமல் காய்ச்சல் கண்டவர்கள் எல்லோருக்கும் எங்கள் தோட்டத்தில் அது உண்டு. காய்ச்சக்கட்டி என்போம். மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது என்பார் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். சின்னப் பிள்ளைகள் சட்டையைத் தூக்கி யாருடையது பெரிது என்று பார்க்கும். தொப்புள் மாதிரி ஆளுக்கு ஒன்று. தொப்புளைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? அதோடு என் கைக்கு ஒரு கர்வமும் இருந்தது. கட்டி என்றால் உருவினால் கரையும். மார்பில் பால் கட்டினால் கரைத்திருக்கிறேன், நரம்பு முடிச்சைக் கரைத்திருக்கிறேன். இந்தக் கட்டி மட்டும் என்ன, துரைக்குச் சொந்தமா?

துணியைச் சுற்றினேன். மண்டியிட வைத்தேன். குனிந்தாள். முஷ்டி நழுவிக்கொண்டே போயிற்று. கையில் வலு இல்லை.

"கை நிக்க மாட்டேங்குதுக்கா."

"நிக்கலன்னா அம்மிக்குழவிய எடுத்து மடியில வெச்சுக்கிட்டுக் குனி. அது உன்னவிட நல்லா வேல செய்யும்."

அவள் சிரித்தாள். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மண்டோர் பெண்சாதியும் சிரித்தாள். என் பேச்சு எப்போதும் அப்படித்தான். பிரசவ வலியில் கத்துகிறவளிடம்கூட, "மெதுவாக் கத்துடி, தொரை டீ குடிக்கிற நேரம்" என்பேன். பாதி வலி சிரிப்பிலேயே போய்விடும். உருவுகிற எண்ணெயும் மிச்சம்.

மூன்றாம் நாள் பகலில் நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மண்டோர் பெண்சாதி வந்து நின்றாள். "பொன்னம்மா, செல்லாயிக்குத் தோள்பட்ட புடிச்சிக்கிச்சாம். எண்ணெய எடுத்துக்கிட்டு வா."

போனேன். பாயில் சுருண்டு கிடந்தாள். உதட்டில் நிறமே இல்லை. நெற்றியில் வியர்வை. தொட்டால் தவளை மாதிரி சில்லென்று இருந்தது.

"இடது தோள்பட்டக்கா. குத்துது. கொஞ்சம் உருவி விடுங்க."

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கித் தோளில் வைத்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. பிடித்துக்கொண்ட தோள் எப்படி இருக்கும் என்று உங்கள் விரலுக்கே தெரியும், கல் மாதிரி இருக்கும். இது பிசைந்த மாவு மாதிரி இருந்தது. வலிக்கிற இடத்தில் வலிக்கான காரணம் இல்லை.

அப்போதுதான் என் மாமியாரின் கை நினைவுக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர். வண்டியின் நுகத்தடி வயிற்றில் இடித்துவிட்டது. நடந்தேதான் வந்தார். வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோள் வலிக்கிறது, உருவி விடுங்கள் என்றார். மாமியார் உருவினாள். தோளிலிருந்து இறங்கி வயிறு வரைக்கும் நன்றாக உருவினாள். பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் மாமியார் தொட்டியருகில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் எப்போதோ போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லாமலே செத்துப்போனாள்.

தோளிலிருந்து கையை எடுத்தேன். சுற்றிலும் பார்த்தேன். வாசலோரம் அம்மி மட்டும் தனியாகக் கிடந்தது. குழவி பாயில், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

"குழவி ஏன்டி இங்க கெடக்கு?"

"நீங்கதானக்கா சொன்னீங்க. மூணு நாளா அத வெச்சுத்தான் குனியிறேன். இன்னைக்கு மூச்சக் கட்டி முப்பது எண்ணுனேன். நல்லா அழுத்துச்சு. உள்ள என்னமோ வழுக்குன மாதிரி இருந்துச்சு."

நான் போட்ட கட்டு மூன்று. அந்த மூன்றுக்கும் அடியில் ஒரு கட்டி. அதன்மேல் ஒரு கல். கல்லை வைத்தது என் வாய்.

வாசலில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? உருவு."

"யாரும் தொடாதீங்க" என்றேன்.

"ஏன், தொட்டா தீட்டா?" என்றாள் மண்டோர் பெண்சாதி. எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள். ஒருத்தி உள்ளே வந்து செல்லாயியின் காலைப் பிடித்து நீட்டப் போனாள். வந்தவள் கையில் ஓங்கி அடித்தேன். சிரிப்பு நின்றது.

வயிற்றில் துணி இன்னும் இறுக்கமாக இருந்தது. அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க வேண்டுமென்றால் அவளை நாலு தடவை புரட்ட வேண்டும். புரட்டினால்? தொப்புள்கொடி அறுக்கிற கத்தரிக்கோலை எடுத்துவரச் சொல்லி, பக்கவாட்டில் ஒவ்வொரு மடிப்பாக வெட்டினேன். நம் வேலையில் எதை எப்படிச் செய்வது என்று நூறு பேர் சொல்லிக்கொடுப்பார்கள். கை பரபரக்கிறபோது எதைச் செய்யாமல் இருப்பது என்று அந்த இடத்தில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

"டிரஸ்ஸரக் கூப்புடணும்" என்றேன்.

செல்லாயி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. அவரு பாத்தா பேர வெட்டிருவாங்க. கப்பல்ல ஏத்திருவாங்க. சும்மாப் படுத்திருந்தா சரியாயிரும். யாருக்கும் சொல்லாதீங்க."

யாருக்கும் சொல்லாவிட்டால் எனக்கும் நல்லதுதான். டிரஸ்ஸர் வந்தால், யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்பார். பிறகு துரை கேட்பார். அதன் பிறகு கோலா சிலாங்கூரிலிருந்து போலீஸ்காரன் வந்து கேட்பான். அவளும் வேண்டாம் என்கிறாள். எனக்கும் வேண்டாம். இரண்டு பேருக்கும் பிடித்த யோசனை அது. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். ஒரு மூச்சுக்கட்டு நேரம் நின்றேன். அதுவே அதிகம்.

"ஏத்தட்டும்டி. கப்பல் ஏறுறதுக்கும் உசுரு வேணும்ல" என்றேன்.

அதற்குள் அவள் புருஷன் வீரன் ஓடிவந்தான். பார்த்ததும் குனிந்து, "நவுருங்கக்கா, தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிர்றேன்" என்றான். நான் நடுவில் நின்றேன். அடிக்கவே கையை ஓங்கிவிட்டான்.

"அடி. அடிச்சிட்டு நீ மட்டும் ஓடு. தோள்ல போட்டின்னா பொணத்தத்தான் கொண்டு போய்ச் சேப்ப. 'வயித்துல கல்லு அழுத்திருச்சு, ஆனா தோள் வலிக்குதுங்குறா'ன்னு டிரஸ்ஸர்கிட்ட சொல்லு. தோள் வலிய மறந்துறாத."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஓடினான்.

ஆஸ்பத்திரி இரண்டு மைல். எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உருவத் தெரிந்த கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"மூச்சக் கட்டட்டுமாக்கா? வலி கொறையுமா?"

"வேணாம். வர்ற மாதிரி வந்து போகட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "எதாச்சும் சொல்லுங்கக்கா. சிரிக்கிற மாதிரி" என்றாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சிரித்தால் வயிறு குலுங்கும். என் பிழைப்பில் முதல் தடவையாக ஒருத்தி சிரித்துவிடுவாளோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் வாசற்படியைத் தாண்டி அம்மி வரைக்கும் வந்துவிட்டது. அவள் நகத்தையும் உதட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இன்னும் வெளுக்கிறதா, அப்படியே இருக்கிறதா? அதைத் தவிர எனக்குப் பார்க்க வேறு எதுவும் தெரியாது.

டிரஸ்ஸர் சைக்கிளில் வந்தார். அதிகம் பேசாத ஆள். நாடி பார்த்தார். வயிற்றில் இரண்டு விரலை மட்டும், பூச்சி உட்காருகிற மாதிரி வைத்து எடுத்தார். வெட்டிப் போட்ட துணியைப் பார்த்தார். குழவியைப் பார்த்தார்.

"உருவுனியா?"

"தோள்ல கை வெச்சேனுங்க. எடுத்துட்டேன்."

"வயித்துல?"

"இல்லீங்க."

"வைக்கணும்னு தோணலியா?"

"தோணுச்சுங்க. அதான் கைமேல உக்காந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. வீரனைப் பார்த்து, கதவைக் கழற்று என்றார். அந்தக் கதவுப் பலகையில் அவளைப் பாயோடு நகர்த்தி, நாலு பேர் தூக்கினார்கள். ஓடாதே, பேசாதே, காலை ஒன்றாக வை என்று அவர் கூடவே நடந்தார். வாய்க்காலைத் தாண்டும்போது நாலு பேரும் தண்ணீரில் இறங்கிப் பலகையை ஆடாமல் தலைக்குமேல் பிடித்தார்கள். நான் கரையில் நின்றேன். அதற்குமேல் என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்.

அவள் பிழைத்தாள். நாற்பது நாளுக்குமேல் மல்லாந்தே கிடந்தாள். மண்ணீரலில் விழுந்த ஓட்டை சின்னதாம், அசையாமல் கிடந்ததால் தானாக அடைத்துக்கொண்டதாம். உள்ளே ரத்தம் கசிந்தால் வலி தோளில்தான் தெரியுமாம். இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்று டிரஸ்ஸர் சொன்னார். ஆனால் அவள் பயந்ததும் நடந்தது. பேரை வெட்டினார்கள். வீரனும் தன் பேரை வெட்டச் சொல்லிவிட்டு அவளோடு கப்பலேறினான். வழியனுப்ப லயமே போயிற்று. நான் போகவில்லை. அவளை எதிரில் நின்று பார்க்க எனக்கு முகம் இல்லை. அது சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். உயிரோடு ஏறினாள் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது, போதாமலும் இருந்தது.

மூன்றையும் கலக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே பிறகும் கலந்திருக்கிறேன். வயிற்றை முதலில் பார்த்துவிட்டு, ஒன்று தந்து, பத்து நாள் கழித்து இன்னொன்று. நான் சொல்வது வேறு. உங்கள் கை அவள் உடம்பில் இருக்கும்போது உங்கள் வாயிலிருந்து விழுவதெல்லாம் அவளுக்கு மருந்துதான். எது விளையாட்டு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பயந்து கிடக்கிறவளுக்கு அதற்கு நேரமும் கிடையாது.

செல்லாயியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன மறுநாள், குழாயடியில் எல்லாப் பெண்களும் இருந்தார்கள். மண்டோர் பெண்சாதிதான் நடுவில். "எல்லாம் அந்தப் பண்டாரத்தாலதான். மூச்சக் கட்டு மூச்சக் கட்டுன்னு சொல்லி, உள்ள காத்து அடச்சு வெடிச்சிருச்சு. ஆம்பளைங்க கம்ப எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போறாங்க."

ஒருத்தி கிராணியின் புத்தகம்தான் காரணம் என்றாள். கிராணியை அடிக்க முடியாது. பண்டாரத்தை அடிக்கலாம். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் போயிருந்தால் போதும்.

குடத்தைக் கீழே வைத்தேன்.

"சாமி இல்ல. கிராணியும் இல்ல. குழவிய மடியில வெச்சுக்கிட்டுக் குனின்னு சொன்னது நான்தான். துணியச் சுத்துனதும் நான்தான். கட்டி இருக்குன்னு தெரிஞ்சே சுத்துனேன்."

அவர்கள் சிரித்தார்கள். மண்டோர் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு, "இவளப் பாரேன், சாவு வீட்டுலகூட வெளையாடுவா" என்றாள். நான் மறுபடி சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை சொன்னேன்.

பிறகு சொன்னேன்: "சரி, சிரிங்க. சிரிச்சுக்கிட்டே அவங்கவங்க எடது வெலாவுக்குக் கீழ கைய வெச்சுப் பாருங்க. அழுத்தாதீங்க. சும்மா வைங்க. உங்க காய்ச்சக்கட்டி எவ்ளோ பெருசுன்னு ஒவ்வொருத்தியும் எங்கிட்ட வந்து சொல்லிட்டு, அப்பறம் ஆம்பளைங்கள கோயிலுக்கு அனுப்புங்க."

ஒருத்தி வைத்தாள். பக்கத்தில் நின்றவளும் வைத்தாள். குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.